டியூஷனா, தனிப் படிப்பா, கூட்டுப் படிப்பா, காணொளியா: பிளஸ் டூ மாணவரின் மாலை நேரத்தை எதற்குக் கொடுப்பது?

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வீட்டுக்கு வரும் வாரத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்குகிறது. இயற்பியலில் 70-க்கு 31 என்றால், உடனே டியூஷனில் சேர்த்துவிட வேண்டும் என்கிறார் தாய். யூடியூபில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்கிறார் தந்தை. நண்பன் வீட்டில் சேர்ந்து படித்துக்கொள்கிறேன் என்கிறான் மகன். பாட்டிக்கோ, விடியற்காலையில் எழுப்பி உட்கார வைத்தால் போதும் என்று தோன்றுகிறது. நால்வர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த 39 மதிப்பெண் எங்கே, எதனால் போனது என்று விடைத்தாளைப் புரட்டிப் பார்த்த பிறகு முடிவெடுப்பவர்கள் குறைவு.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும் மாணவரை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது. பத்தாம் வகுப்புக்கும் பெரும்பகுதி பொருந்தும். நீட், ஜேஇஇ பயிற்சி நிலையங்களின் கணக்கு வேறு. அதை இங்கே கலக்கவில்லை.

## முதலில் அளவுகோல்கள்

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன், எதை வைத்து அளப்பது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான வீடுகளில் மணிக்கணக்குதான் அளவுகோலாக இருக்கிறது: பிள்ளை எத்தனை மணி நேரம் புத்தகத்தின் முன் உட்கார்ந்திருந்தது என்பது. பார்வைக்குத் தெரியும் ஒரே விஷயம் அது என்பதால் அதைப் பிடித்துக்கொள்கிறோம். என் கருத்தில் ஐந்து அளவுகோல்கள் போதும்; அவற்றில் முதலாவதுக்கு மற்ற நான்கையும் சேர்த்ததற்கு இணையான எடை கொடுக்கலாம்.

ஒன்று, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதும் நேரம். 2006-ஆம் ஆண்டில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரு சாராரை ஓர் உரைப்பகுதியை நான்கு முறை படிக்க வைத்தார்கள். மற்றொரு சாராரை ஒருமுறை படிக்க வைத்து, பிறகு மூன்று முறை பாராமல் நினைவுகூர்ந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது அவர்களுக்கு நினைவில் நின்றது ஏறக்குறைய 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு ஏறக்குறைய 61 விழுக்காடு. இதில் வேடிக்கை என்னவென்றால், தனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னது, திரும்பத் திரும்பப் படித்த கூட்டம்தான்.

இதை நம் பாடநூலிலேயே சோதித்துப் பார்க்கலாம். இயற்பியல் முதல் அலகில் வான் டி கிராப் மின்னியற்றி வருகிறது; ஐந்து மதிப்பெண் வினாக்களில் நெடுநாள் வாடிக்கையாளர் அது. ஐந்து முறை வாசித்த மாணவருக்குப் பக்கத்தைப் பார்த்தாலே எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். புத்தகத்தை மூடி ஒரு வெள்ளைத்தாளில் எழுதச் சொல்லுங்கள். உருண்டையும் பட்டையும் படத்தில் வந்துவிடும். நிலைமின் தூண்டல், கூர்முனைச் செயல்பாடு என்ற இரண்டு தத்துவங்களில் ஒன்று விட்டுப்போகும். சீப்பு போன்ற உலோகக் கடத்திகள் இரண்டில் கீழே இருப்பதற்கு என்ன வேலை, மேலே இருப்பதற்கு என்ன வேலை என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். அந்த நின்ற இடம்தான் அன்று படிக்க வேண்டிய பகுதி. ஆறாவது முறை வாசித்தாலும் அது கண்ணுக்குத் தெரியாது, எழுதினால்தான் தெரியும்.

இரண்டு, தவறு எத்தனை சீக்கிரம் திருத்தப்படுகிறது. தவறாக எழுதியதைத் திருத்துவார் இல்லாமல் மறுபடி மறுபடி எழுதினால் தவறே மனப்பாடமாகிவிடும்.

மூன்று, தூக்கம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2016-ஆம் ஆண்டுப் பரிந்துரை. நம் பிளஸ் டூ வீடுகளில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எட்டு வராவிட்டாலும் ஏழுக்குக் கீழே போகாத ஏற்பாடு எது என்றாவது பார்க்க வேண்டும்.

நான்கு, செலவு. கட்டணம் கண்ணுக்குத் தெரிவது. கண்ணுக்குத் தெரியாத செலவுகளே அதிகம்.

ஐந்து, பழக்கமும் மனப்போக்கும் நிற்குமா. அடுத்த ஆண்டு கல்லூரி விடுதியில் யாரும் எழுப்ப மாட்டார்கள். அங்கேயும் இந்தப் பழக்கம் கூட வருமா?

## கையில் உண்மையில் எவ்வளவு நேரம் இருக்கிறது

ஒப்பிடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. பள்ளி நான்கேகாலுக்கு விடுகிறது. சிறப்பு வகுப்பு ஐந்தரை வரை. பேருந்து பிடித்து வீடு வந்து கைகால் கழுவி எதையாவது சாப்பிட ஆறரை. இரவு பத்தரைக்குப் படுத்துக் காலை ஐந்தரைக்கு எழுந்தால் ஏழு மணி நேரத் தூக்கம். ஆக ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையே நான்கு மணி. இரவுச் சாப்பாடும் வீட்டுப்பாடமும் ஒன்றரை மணியை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது இரண்டரை. காலையில் கிளம்புவதற்கு முன் ஒரு மணி சேர்த்தால் மூன்றரை. அத்தனை வழிகளும் போட்டி போடுவது இந்த மூன்றரை மணி நேரத்துக்காகத்தான். இதை ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் டியூஷனையும் கூட்டுப் படிப்பையும் காணொளியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதால்தான் நவம்பர் மாதத்திலேயே பிள்ளைகள் களைத்துப் போகிறார்கள்.

## டியூஷன்

டியூஷனின் பெரிய பலம் இரண்டாவது அளவுகோலில் இருக்கிறது. நல்ல டியூஷன் ஆசிரியர் வாரம் ஒரு தேர்வு வைப்பார், அடுத்த வகுப்பிலேயே திருத்திக் கொடுப்பார், எங்கே அலகு எழுதவில்லை, எந்தப் படிநிலையைத் தாண்டிவிட்டாய் என்று சிவப்பு மையில் வட்டமிடுவார். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்ட சந்தேகத்தை எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் கேட்க முடியும். வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க யாருமில்லாத, குறிப்பாக முதல் தலைமுறையாகப் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு இது சாதாரண உதவி இல்லை.

ஆனால் எல்லா டியூஷனும் இப்படி இல்லை. நாற்பது பேரை ஒரு மாடியறையில் உட்கார வைத்து, பலகையில் எழுதிப்போட்டு, நகல் எடுத்த நோட்ஸ் கொடுத்து அனுப்பும் இடம் பள்ளி வகுப்பின் இரண்டாம் பதிப்பு மட்டுமே. அங்கே பிள்ளை செய்வது மறுபடியும் கேட்பது. மறுபடியும் பார்த்து எழுதுவது. சேர்க்கும் முன் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், வாரத்துக்கு எத்தனை தேர்வு, விடைத்தாள் எத்தனை நாளில் திரும்ப வரும், ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

மறைமுகச் செலவுகளில் முதலாவது பயணம். ஒரு மணி நேர வகுப்புக்குப் போகவர முக்கால் மணி என்றால், மூன்றரை மணியில் பாதி போய்விட்டது. இரண்டு ஆசிரியர்கள் வெவ்வேறு முறையில் கணக்குப் போட, இரண்டு நோட்டுகளில் இரண்டு விதமாக எழுதி வைத்து, தேர்வறையில் இரண்டையும் கலந்து எழுதும் குழப்பம் இரண்டாவது. மூன்றாவது சற்று நுட்பமானது: டியூஷனில் முன்கூட்டியே நடத்திவிடுவதால் பள்ளி வகுப்பில் ஆர்வம் போய்விடுகிறது, பகல் முழுவதும் வீணாகி, மாலையில் களைத்த மூளையோடு கற்பது வழக்கமாகிவிடுகிறது. தன் படிப்புக்குத் தானே பொறுப்பு என்ற எண்ணம் மெல்ல நழுவி, "சார் இன்னும் நடத்தவில்லை" என்ற பதில் பழகிப்போவதும் இதன் தொடர்ச்சிதான்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியரே மாலையில் டியூஷனும் எடுக்கிறார், சேராவிட்டால் செய்முறை மதிப்பெண்ணில் கை வைப்பாரோ என்ற அச்சத்தில் சேர்க்கும் பெற்றோர் இருக்கிறார்கள். ஆசிரியர்கள் தனிப் பயிற்சியில் ஈடுபடக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் கல்விக்காக வந்த சட்டம்தான் அது என்றாலும், அச்சத்துக்காகச் சேர்வது படிப்புக்காகச் சேர்வது ஆகாது.

டியூஷன் மேலான சூழல்: ஓரிரு பாடங்களில் அடிப்படையே புரியாமல் நிற்கும்போது, குறிப்பாக நுண்கணிதம் வரும் கணிதத்தில், பத்தாம் வகுப்பு இயற்கணிதமே தடுமாறும்போது. எல்லாப் பாடத்துக்கும் டியூஷன் என்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை.

## தனிப் படிப்பு

வீட்டில் அட்டவணை போட்டுத் தனியாகப் படிப்பதுதான் முதல் அளவுகோலில் மிக உயரத்துக்குப் போகக்கூடிய வழி. மிகக் கீழே விழக்கூடிய வழியும் அதுவே. மூன்றரை மணி நேரமும் கையில் இருக்கிறது. அதை மூடிய புத்தகத்தோடு செலவிடுகிறாரா, திறந்த புத்தகத்தோடு செலவிடுகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மஞ்சள் பேனாவால் வரி வரியாக அடிக்கோடு இடுவது உழைப்பு போலவே தோன்றும். 2013-இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை அலசியபோது, அடிக்கோடு இடுவதையும் மறுவாசிப்பையும் பயன் குறைந்தவை என்றும், தன்னைத்தானே சோதிப்பதையும் இடைவெளி விட்டுப் படிப்பதையும் பயன் மிகுந்தவை என்றும் வகைப்படுத்தினார்கள்.

அட்டவணை ஏன் நான்காம் நாளே கிழிகிறது என்பதற்கும் காரணம் உண்டு. "மாலை 7 முதல் 8 வரை இயற்பியல்" என்று எழுதினால் அது நேரத்தின் பெயர். வேலையின் பெயர் இல்லை. "சாப்பிட்டுத் தட்டு கழுவியவுடன், இரண்டாம் அலகின் இரு மதிப்பெண் வினாக்களில் ஆறைப் பார்க்காமல் எழுதித் திருத்துவேன்" என்று எழுதினால், தொடங்கும் தருணமும் முடியும் இடமும் தெளிவாக இருக்கின்றன. அன்றாடம் நடந்தே தீரும் ஒரு செயலோடு கட்டிப்போட்ட பழக்கமே நிலைக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாற எடுத்துக்கொண்ட காலம் நடுவாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பது அதே ஆய்வின் ஆறுதலான செய்தி. காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பித்தால் அரையாண்டுத் தேர்வுக்கு முன் அந்த 66 நாள் வந்துவிடும். ஒரு நாள் திருமணத்துக்குப் போனதற்காக அட்டவணையே பாழாகிவிட்டது என்று கைவிட வேண்டியதில்லை.

திருத்துவதற்கு ஆள் இல்லாததே இதன் பெரிய குறை. ஒரு மதிப்பெண் வினாவுக்கும் கணக்குக்கும் விடையைத் தானே சரிபார்த்துக்கொள்ளலாம். தமிழ், ஆங்கிலம், உயிரியல் போன்றவற்றில் நெடுவினாவைத் தானே திருத்துவது கடினம். வாரம் இரண்டு விடைகளைப் பள்ளி ஆசிரியரிடம் இடைவேளையில் காட்டினால் பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள்.

மறைமுகச் செலவு வீட்டுக்கு வீடு மாறும். ஒரே அறையில் தொலைக்காட்சியும் தம்பியும் இருக்கும் வீட்டில், பிள்ளைக்கு அமைதி தர மற்றவர்கள் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளை என்றால், வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் "இதைக் கொஞ்சம் எடுத்து வை" என்ற குரல் வந்துகொண்டே இருக்கும். அந்த வேலைகளையும் செலவுக் கணக்கில்தான் எழுத வேண்டும். நூலகம் அருகில் இருந்தால் பயன்படுத்தலாம். சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது.

தனிப் படிப்பு மேலான சூழல்: வகுப்பில் புரிகிறது, தேர்வில் வரவில்லை என்னும் மாணவருக்கு. இவர்களை டியூஷனில் சேர்ப்பது, புரிந்ததையே மறுபடி புரியவைக்கப் பணம் கட்டுவதாக முடியும்.

## கூட்டுப் படிப்பு

இது மூன்று பேர் வரை பலிக்கும். ஐந்து பேர் ஆனால் அரட்டைதான். ஒருவர் வினா கேட்க, மற்றவர் பார்க்காமல் சொல்ல, மூன்றாமவர் புத்தகத்தைப் பார்த்துத் திருத்துவது என்று முறை வைத்துக்கொண்டால் முதல் இரண்டு அளவுகோல்களும் ஒரே நேரத்தில் நிறைவேறும். பிறருக்கு விளக்கிச் சொல்ல முற்படும்போதுதான் தனக்குப் புரியாத இடம் தனக்கே தெரியவரும்.

குழுவில் மூவரும் ஒரே தவறைச் சரி என்று நம்பினால் திருத்த ஆள் இல்லை. நன்றாகப் படிக்கும் ஒருவர் எப்போதும் சொல்லிக்கொடுப்பவராகவும் மற்ற இருவர் எப்போதும் கேட்பவர்களாகவும் மாறிவிடுவதும் உண்டு. இன்னொரு செலவு மனத்தில் ஏற்படுவது: "அவன் எட்டுப் பாடம் முடித்துவிட்டான், நான் மூன்றுதான்" என்ற ஒப்பீடு சிலரை உந்தும், சிலரை ஒடுக்கும். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இருட்டிய பின் வெளியே போய்வர முடியாத பிள்ளைகளுக்கு இது வார இறுதிக்கு மட்டுமே சாத்தியம்.

கூட்டுப் படிப்பு மேலான சூழல்: தனியாக உட்கார்ந்தால் தொடங்கவே முடியாதவர்களுக்கும், திருப்புதல் தேர்வுக் காலத்தில் ஒரு மதிப்பெண் வினாக்களை வேகமாக ஓட்டுவதற்கும்.

## காணொளிப் பாடம்

2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, பாடநூலில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் குறியீடுகள், எண்ணற்ற யூடியூப் வகுப்புகள் என்று வசதிக்குக் குறைவில்லை. மின்காந்தத் தூண்டலில் மின்னோட்டத்தின் திசை போன்ற, அசைந்து காட்டினால் மட்டுமே பிடிபடும் பகுதிகளுக்குப் பத்து நிமிடக் காணொளி ஒரு மணி நேர விளக்கத்துக்குச் சமம். ஆனால் பார்ப்பது படிப்பு ஆகாது. முதல் அளவுகோலில் இதற்குப் பூச்சியம்தான். பிள்ளை நிறுத்திவைத்து எழுதினால் ஒழிய. கைப்பேசி மேசைமேல் வந்தவுடன் அதோடு சேர்ந்து வருவது என்னென்ன என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

காணொளி மேலான சூழல்: வகுப்புக்குப் போக முடியாமல் விடுபட்ட பாடத்துக்கு, ஒரு கருத்து மட்டும் பிடிபடாதபோது. அன்றாட ஏற்பாடாக இது வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | டியூஷன் | தனிப் படிப்பு | கூட்டுப் படிப்பு | காணொளி |
|---|---|---|---|---|
| பார்க்காமல் எழுதுவது | தேர்வு வைத்தால் உண்டு | முறை தெரிந்தால் மிக அதிகம் | வாய்மொழியாக அதிகம் | இல்லை |
| தவறு திருத்தம் | சிறு வகுப்பில் நன்று | பலவீனம் | ஓரளவு | இல்லை |
| தூக்கம் | பயணத்தால் குறையும் | காக்க முடியும் | நேரம் நீளும் | இரவில் ஆபத்து |
| பணம் | அதிகம் | மிகக் குறைவு | மிகக் குறைவு | இணையச் செலவு |
| மறைமுகச் செலவு | சார்ந்திருத்தல் | வீட்டாரின் ஒத்துழைப்பு | ஒப்பீடு, அரட்டை | கவனச் சிதறல் |
| கல்லூரியிலும் தொடருமா | அரிது | தொடரும் | நண்பரைப் பொறுத்தது | பாதி |

## விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தால்

இயற்பியல் வினாத்தாளில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள். இரு மதிப்பெண்ணில் ஆறு, மூன்று மதிப்பெண்ணில் ஆறு, ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து எழுத வேண்டும். இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஓர் எழுத்துப் போடச் சொல்லுங்கள்: புரியவில்லை என்றால் பு, படித்தும் மறந்தது என்றால் ம, படிக்கவே இல்லை என்றால் ப, தெரிந்தும் நேரமோ கவனமோ தவறியது என்றால் த. திட்டுவதற்காக இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் த போட்டுக்கொண்டு வருவார்கள்.

பு அதிகம் என்றால் அந்தப் பாடத்துக்கு மட்டும் டியூஷன் நியாயமான செலவு. ம அதிகம் என்றால் தனிப் படிப்பின் முறையை மாற்ற வேண்டும். ஆசிரியரை மாற்றிப் பயனில்லை. ப அதிகம் என்றால், புத்தகத்தின் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள்: முதல் இரண்டு அலகுகள் விரல்பட்டுக் கறுத்திருக்கும், மிச்சம் வாங்கியபோது இருந்த வெள்ளையிலேயே இருக்கும். எப்போதும் முதல் பாடத்திலிருந்து தொடங்குவதன் அடையாளம் அது. இவர்களுக்குத் தொடங்க ஒரு துணை வேண்டும். கூட்டுப் படிப்பு உதவும். த அதிகம் என்றால், கடிகாரம் வைத்து மூன்று மணி நேர முழுத் தேர்வு எழுதிப் பழகுவதே வழி. அதை வீட்டிலும் செய்யலாம், தேர்வு மட்டும் நடத்தும் வகுப்புகளிலும் செய்யலாம்.

## மனப்போக்கு எங்கே வருகிறது

நம்பிக்கை வந்தால் படிப்பார்கள் என்று நினைத்து, ஊக்கமூட்டும் உரைகளைக் கேட்க அனுப்புகிறோம். எனக்குத் தெரிந்தவரை வரிசை பெரும்பாலும் தலைகீழ்: பார்க்காமல் எழுதிய ஆறு விடைகளில் நேற்று இரண்டு சரி, இன்று நான்கு சரி என்று தன் கையெழுத்திலேயே பார்க்கும் பிள்ளைக்கு நம்பிக்கையை யாரும் ஊட்ட வேண்டியதில்லை. திறமை வளரக்கூடியது என்ற எண்ணத்தைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் கேரல் டுவெக் செய்த ஆய்வுகள் பிரபலமானவை. 2019-இல் அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பாடமாக அதைக் கொடுத்துப் பார்த்தபோது, மதிப்பெண் குறைந்த மாணவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது சிறிய முன்னேற்றம்தான். எண்ணம் உதவும், அது தனியாக நின்று வேலை செய்யாது.

பெற்றோர் சொல்லும் சொல்லுக்கு இதில் பங்கு உண்டு. "நீ புத்திசாலி, உனக்கு வரும்" என்று புகழப்பட்ட பிள்ளை, கடினமான கணக்கு வந்தவுடன் தன் புத்திசாலித்தனம் பொய்யாகிவிடுமோ என்று அஞ்சி அதைத் தொடாமல் விடக்கூடும். "மூன்றாவது படியில் குறியை மாற்றிப் போட்டிருந்தாய், இன்றைக்குச் சரியாகப் போட்டிருக்கிறாய்" என்பது கொஞ்சம் மெனக்கெட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டிய பாராட்டு. அதற்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நேற்றைய தாளையும் இன்றைய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

## என் தேர்வு, அதை மாற்ற வேண்டிய நேரம்

பொதுவாக ஒரு பிளஸ் டூ மாணவருக்கு நான் பரிந்துரைப்பது: தனிப் படிப்பு முதுகெலும்பாக வாரத்தில் ஐந்து நாள், பு அதிகமாக வந்த ஒரே பாடத்துக்கு வாரம் இரண்டு நாள் சிறு டியூஷன், ஞாயிறு காலை மூவர் சேர்ந்து இரண்டு மணி நேரம், காணொளி தேவைப்படும்போது மட்டும், அதுவும் கூடத்தில் உட்கார்ந்து.

அரையாண்டு விடைத்தாள் வந்ததும் அதே நான்கு எழுத்துகளைப் போட்டுப் பாருங்கள். பு குறைந்திருந்தால் டியூஷனை அப்போதே நிறுத்தலாம். குறையவில்லை என்றால் ஆசிரியரை மாற்றுவதற்கும் அதுதான் கடைசித் தருணம். ஜனவரியில் திருப்புதல் தேர்வுகள் தொடங்கிய பிறகு புதிய இடத்தில் சேர்ப்பது, முதல் அலகிலிருந்து வேறொரு நோட்டைத் தொடங்குவதாகவே முடியும்; அந்த நிலையில் இருப்பவர்கள் புது டியூஷனைத் தேடாமல், பள்ளியில் எழுதிய திருப்புதல் தேர்வின் வினாத்தாளையே மறுவாரம் பார்க்காமல் மறுபடி எழுதுவது நல்லது.